காலக்கோட்டில் ஒரு வெற்றிடம், ஆங்கிலத்தில் ஒரு ‘வென்ட்’

மாநிலப் பாடத்திட்டப் பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் தேர்வில் காலக்கோடு வரைய 5 மதிப்பெண். ஒரு கோடு, சம தூரத்தில் ஐந்து புள்ளி, கைடில் இருக்கிற ஐந்து நிகழ்வு. முழு மதிப்பெண் வந்துவிடும். எனக்குப் பிரச்சினையே அந்தச் சம தூரம்தான்.

1910 முதல் 1930 வரை என்று கேட்டால், லாங் சைஸ் நோட்டில் நெடுக்காக 20 செ.மீ. கோடு போடச் சொல்லுங்கள். ஆண்டுக்கு 1 செ.மீ. ஸ்கேல் வைத்து அளந்தே குறிக்க வேண்டும். ரௌலட் சட்டமும் ஜாலியன் வாலாபாக்கும் 1919, ஒத்துழையாமை 1920, சௌரி சௌரா 1922. மூன்று செ.மீட்டருக்குள் எழுத இடமில்லாமல் முட்டிக்கொள்ளும். அடுத்தது 1927இல் சைமன் குழு. நடுவில் ஐந்து செ.மீ. காலி.

“இங்க ஏன் சார் ஒண்ணுமே இல்ல?” என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். பாடம் அங்கேதான் தொடங்குகிறது. சௌரி சௌராவில் கூட்டம் காவல் நிலையத்தைக் கொளுத்திய பின் காந்தி ஒத்துழையாமை இயக்கத்தை நிறுத்தினார். அடுத்த மாதமே கைது. வெளியே வந்தது 1924இல். அதற்குள் சட்டசபைக்குள் போவதா வேண்டாமா என்று காங்கிரசுக்குள் சண்டை, 1923இல் சுயராஜ்யக் கட்சி. இப்படி வரைந்தவன் ஆண்டுகளைத் தனியாக உருப்போட வேண்டியதில்லை.

வேலூர்க் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேயரை எதிர்த்த வேலூர்ப் புரட்சிப் பாடமும் இப்படித்தான் வீணாகிறது. ‘காரணங்கள் யாவை?’ என்றால் புதிய தலைப்பாகை, அதில் தோல் சின்னம், சமயக்குறி போடத் தடை, தாடி மழிப்பு என்று ஒரே மூச்சில் வரும். அடுத்த கேள்வியைப் போடுங்கள்: கோபம் தலைப்பாகை மேல் மட்டும் என்றால், 1806 ஜூலை 10 அன்று கோட்டையில் திப்புவின் புலிக்கொடி ஏன் ஏறியது? பத்து நிமிடம் பிள்ளைகளே பேசட்டும். திப்புவின் மகன்களை அந்தக் கோட்டையில்தான் வைத்திருந்தார்கள் என்பது புத்தகத்திலேயே இருக்கிறது. ஒருவரும் அதைக் கொடியோடு சேர்த்துப் படிப்பதில்லை, ஏனென்றால் பாடத்தின் முடிவில் வரும் புக் பேக் கேள்வியில் அது இல்லை.

ஆங்கிலத்துக்கு வருவோம். ஆசிரியர் ஒரு வரி வாசிப்பார், தமிழில் அர்த்தம் சொல்வார், அடுத்த வரி. பாடவேளை முடியும்போது கதை தெரியும். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம்கூடப் பிள்ளை தானாகப் படித்திருக்காது. தேர்வு நெருங்கினால் எல்லாப் பாடத்துக்கும் பொருந்துகிற ஒரே பாராவை மினிமம் மெட்டீரியல் என்று கொடுத்துவிடுவார்கள். தேறுவதற்கு அது உதவும், மறுக்கவில்லை. மொழி வராது.

தமிழை வகுப்பில் பயன்படுத்துவது குற்றமே இல்லை. அர்த்தம் சொல்லத்தான் செலவழிக்கிறோம், இலக்கணத்துக்குத் தொடுவதில்லை. ‘ஹி டிட் நாட் வென்ட்’ என்று எழுதும் பிள்ளையிடம் கேளுங்கள்: ‘போனவில்லை’ என்று யாராவது சொல்வார்களா? ‘போகவில்லை’தானே? அந்த ‘போக’வில் காலம் இல்லை. ‘டிட்’ வந்த பிறகு ‘கோ’விலும் காலம் கிடையாது. ‘ஹி டீச்சர்’ வேறு கதை. ‘அவர் ஆசிரியர்’ என்று தமிழில் வினையே இல்லாமல் வாக்கியம் முடிந்துவிடும். ஆங்கிலத்தில் முடியாது. இதற்கு ‘இஸ்’ஸைத் தனியாகப் பழக்கத்தான் வேண்டும், குறுக்குவழி கிடையாது.

இதெல்லாம் பிள்ளை சொந்தமாக எழுதினால்தான் தெரியவரும். “நாற்பது நோட்டு யார் திருத்துவது?” என்ற கேள்வி நியாயமானது. ஆளுக்கு நூறு சொல் என்றாலும் நாலாயிரம் சொல். மூன்று பிரிவு என்றால் பன்னிரண்டாயிரம். எல்லாப் பிழைக்கும் சிவப்பு மை போட்டால் ஆசிரியரும் ஓய்வார், பிள்ளையும் பயப்படும். ஐந்தே வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். இந்த வாரம் ‘டிட் நாட்’ மட்டும் பாருங்கள், ஸ்பெல்லிங்கைக் கண்டுகொள்ளாதீர்கள். அடுத்த வாரம் ‘இஸ்’. நோட்டுக்கு ஒரு நிமிடம் போதும். பெற்றோர் சிலர் நோட்டைப் புரட்டிவிட்டு “இந்தத் தப்பை விட்டுட்டீங்களே” என்று வருவார்கள். அதனால் பக்கத்தின் தலையிலேயே, இந்த வாரம் எதைத் திருத்துகிறோம் என்று பிள்ளையையே எழுதவைத்துவிடுங்கள்.