சாதாரண சராசரி போதாது
கஞ்சிக்கோட்டில் இருந்து எழுதுகிறேன். ஒரே நிரல் பல வகைக் கணினிகளில் எவ்வளவு நன்றாக ஓடுகிறது என்பதைச் சொல்ல சாதாரண சராசரி போதும் என்கிறது நீங்கள் வெளியிட்ட கட்டுரை. எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒரு ஜிபியுவில் (வரைகலைச் செயலி) எட்டக்கூடிய உச்ச வேகத்தில் 90 சதவீதம், இன்னொன்றில் 10 என்றால் சராசரி 50. இரண்டாவது ஜிபியுவை மட்டும் வைத்திருப்பவருக்கு அந்த 50 எதற்கு? 2016-இல் பென்னிகுக், சீவல், லீ மூவரும் முன்வைத்த அளவுகோல் இசைச் சராசரியை (harmonic mean: எண்களின் தலைகீழிகளுக்குச் சராசரி எடுத்து, அதைத் தலைகீழாக்குவது) எடுக்கிறது. அதில் இதே நிரலுக்கு 18தான். ஏதாவது ஒன்றில் ஓடவே இல்லையென்றால் பூஜ்யம். பாலக்காட்டிலிருந்து கோவை போகும் பஸ் பாதித் தூரத்தை, வாளையாறு வரை என்று வையுங்கள், 60 கிமீ வேகத்திலும் மீதியை 20-லும் போனால் முழுப் பயணத்தின் வேகம் 30தானே, 40 இல்லையே! அந்த 30-உம் இசைச் சராசரிதான்.

அப்புறம், நிரல் எழுதுபவரின் உழைப்பு. நானும் நண்பரும் ஒரு வெப்பக் கடத்தல் நிரலை என்விடியா ஜிபியுக்களுக்கான கூடாவில் (CUDA) ஒன்று, பல கருச் செயலிகளுக்காக ஓப்பன்எம்பியில் (OpenMP) ஒன்று என இரண்டாக வைத்திருந்தோம். ஒன்றில் திருத்திய பிழை மற்றதில் அப்படியே கிடந்தது. விடைகள் ஏன் ஒத்துவரவில்லை என்று கண்டுபிடிக்கவே ஒரு வாரம் போனது. கணினிக்குக் கணினி எத்தனை வரிகள் மாறுகின்றன என்ற கணக்கையும் அந்தச் சராசரிக்குப் பக்கத்திலேயே கொடுங்கள். ஒரே நிரலைப் பல வகைக் கணினிகளில் ஓடவைக்க உதவும் கொக்கோஸ் (Kokkos), சிக்கிள் (SYCL) போன்றவற்றின் அருமை அந்தக் கணக்கில்தான் தெரியும்.