சர்வதேச ஓட்டுநர் அனுமதி 10 ஆண்டு செல்லுமா?

“ஆன்லைனில் சர்வதேச லைசென்ஸ் வாங்கினால் போதும், குடியேறிய நாட்டில் 10 ஆண்டு வண்டி ஓட்டலாம்” என்று பரவும் தகவல் தவறு.

இந்த அனுமதி, சொந்த நாட்டு லைசென்ஸின் மொழிபெயர்ப்பு போன்றது. 1949 ஜெனீவா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படி அது 1 ஆண்டுதான் செல்லும். 1968 வியன்னா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படி அதிகபட்சம் 3 ஆண்டு. அசல் லைசென்ஸ் கையில் இல்லாவிட்டால் அதற்கு மதிப்பே இல்லை. லைசென்ஸ் தந்த நாட்டில்தான் அதையும் வாங்க வேண்டும்.

அதைவிட முக்கியம், இது தற்காலிகமாக வருபவர்களுக்கானது. நிரந்தரமாகக் குடியேறியவரின் பழைய லைசென்ஸைப் பல நாடுகள் சில மாதங்களோ ஓராண்டோதான் ஏற்கும். அதன்பின் ஓட்டி விபத்தானால் காப்பீட்டுத் தொகை மறுக்கப்படலாம்.

இன்னொன்று, சொந்த நாட்டில் புதுப்பித்த லைசென்ஸ் அட்டையில் சில சமயம் புதிய தேதி மட்டுமே இருக்கும். அப்போது குடியேறும் நாட்டில் உங்கள் பழைய ஓட்டுநர் அனுபவம் கணக்கில் வராமல் போகலாம். அதனால் முதன்முதலில் லைசென்ஸ் எடுத்த தேதியைக் காட்டும் சான்றிதழை, லைசென்ஸ் தந்த அலுவலகத்தில் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள்.