பிரெஞ்சு எவ்வளவு தெரியும்?

தங்கைக்கு வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பம் போட உட்கார்ந்தோம். பெயர், பழைய வண்ணாரப்பேட்டை முகவரி எல்லாம் சரி. அப்புறம் வந்தது அந்தக் கட்டம்: ‘பிரெஞ்சுத் திறன்: தொடக்கநிலை, இடைநிலை, சரளம்’.

மார்க் அள்ளலாம் என்று பிளஸ் டூவில் தமிழை விட்டுவிட்டு பிரெஞ்சு எடுத்தவள். நூற்றுக்கு 98. வினைச்சொல் அட்டவணையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். நிஜமாகவே ஒரு பிரெஞ்சுக்காரர் வந்து வழி கேட்டால் ‘போன்ஜூர்’ சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். ‘சரளம்’ என்று போட்டால் நேர்காணலில் மாட்டுவோம். ‘தொடக்கநிலை’ என்றால் அந்த 98 பல்லிளிக்கும்.

ஐரோப்பாவில் 2001-லேயே ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள் வகுத்து, எந்தப் படியில் என்ன பேச வரும் என்று எழுதியே வைத்துவிட்டார்கள். அதைக் கேட்டுத் தொலைக்கக் கூடாதா? இந்த ‘இடைநிலை’யை எந்தப் படியில் அளப்பது?

இவள் எதிர்வீட்டு அத்தையோடு தெலுங்கில் சண்டையே போடுவாள். சௌகார்பேட்டையில் இந்தியில் பேரம் பேசி, சுடிதார் துணிக்கு நூறு ரூபாய் குறைப்பாள். அதற்கெல்லாம் கட்டம் கிடையாது. பள்ளியில் படித்த மொழி மட்டுமாம், கீழே பொடி எழுத்தில்.

அடுப்படியிலிருந்து அம்மா கத்தினாள்: “நடுவுல இருக்கறதைப் போட்டுட்டு வாங்கடா, சோறு ஆறுது!”