‘நானும் ஒரு காலத்துல படிச்சேன்ங்க’

காமிக்ஸ் படிக்கிறவனைத் திட்டுகிறவர்கள் மேல் எனக்கு இப்போதெல்லாம் கோபம் வருவதில்லை. "கழுதை வயசாச்சு, இன்னும் பொம்மைப் புத்தகம் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கான்" என்பவருக்கு அதற்குள் என்ன இருக்கிறதென்றே தெரியாது. விட்டுவிடலாம். எரிச்சல் மூட்டுவது இன்னொரு ரகம். முகமெல்லாம் மலர்ந்து, "அட, இரும்புக்கை மாயாவி! நானும் ஒரு காலத்துல விழுந்து விழுந்து படிச்சேன்ங்க" என்று ஆரம்பிப்பார்கள். மீசை முளைத்ததும் அவர் விட்டுவிட்டாராம், நான்தான் விடவில்லையாம். இதைப் பாசமாகவே சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குப் போகிறவர்கள் தமிழில் காமிக்ஸ் போடுகிற லயன்-முத்து ஸ்டால் பக்கம் ஒரு கால் மணி நேரம் நின்று பாருங்கள். பை நிறைய வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தலை நரைத்தவர்கள். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர், பவானியில் ஜமக்காளம் விற்பவர், பேங்கில் வேலை செய்பவர் என்று எல்லாரும் இருப்பார்கள். வாசகர் சந்திப்புக்கென்றே வெளியூரிலிருந்து ராத்திரி பஸ் ஏறி வருகிறவர்களும் உண்டு. அந்தப் பக்கம் இலக்கிய ஸ்டாலில் கனமான நாவல் வாங்கிய நண்பர்கள் இதை எட்டிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்த ஒருத்தரைக்கூட நான் பார்த்ததில்லை.

வீட்டம்மாவின் பெரியப்பா காங்கேயம் பக்கத்துக்காரர், மாடு கன்றோடேயே வாழ்ந்த மனுஷன். ஒருநாள் வீட்டுக்கு வந்தவர் அலமாரியைப் பார்த்தார்.

"ஏனுங்க மாப்ள, இதெல்லாம் புள்ளைக்குங்களா?"

"இல்லைங்க மாமா, எனக்குத்தானுங்க."

அப்புறம் நம்ம ஊர் வழக்கப்படி விலையைக் கேட்டார். சொன்னேன். "இந்தக் காசுக்குப் பருத்திக்கொட்டை வாங்கிப் போட்டா எருமை நாலு நாளைக்குச் சேர்த்துக் கறக்குமுங்க" என்றார். சொல்லிக்கொண்டே கையில் இருந்த டெக்ஸ் வில்லர் என்ற கௌபாய் காமிக்ஸைப் புரட்டியவர் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். கறுப்பு வெள்ளைப் படம். மணல் மேட்டில் ஒரு குதிரை ஏறுகிறது. "பாருங்க மாப்ள, மணல்ல காலு பொதையுது. அதான் கழுத்த முன்னால தள்ளிக் குடுத்து ஏறுது. பார்த்து வரைஞ்சிருக்கானுங்க" என்றார். ஒரு படக் கட்டத்துக்குள் என்ன இருக்கிறது, அடுத்த கட்டத்தில் என்ன மாறியிருக்கிறது, நடுவில் வரையாமல் விட்ட நொடியில் என்ன நடந்திருக்கும் என்று பார்ப்பதுதான் காமிக்ஸ் படிப்பது. எங்கள் பெரிய மாமாவுக்கு அது ஒரே பக்கத்தில் வந்துவிட்டது. பருத்திக்கொட்டைக் கணக்கை அவர் கடைசிவரை விடவில்லை, அது வேறு விஷயம்.

இந்த இளக்காரம் நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. அமெரிக்காவில் ஃபிரெட்ரிக் வெர்த்தாம் என்ற மனநல மருத்துவர், காமிக்ஸ்தான் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று 1954-ல் ஒரு புத்தகமே எழுதினார். செனட்டில் விசாரணை நடந்தது, பதிப்பாளர்கள் பயந்துபோய்த் தங்களுக்குத் தாங்களே தணிக்கை வைத்துக்கொண்டார்கள். அவருடைய குறிப்புகளைப் பின்னாளில் கரோல் டில்லி என்ற ஆய்வாளர் எடுத்துப் பார்த்தபோது, பிள்ளைகள் சொன்னதை அவர் தன் வசதிக்கு மாற்றியும் வெட்டியும் போட்டிருந்தது தெரிந்தது. அது வெளியே வந்தது 2012-ல். நமக்கு விசாரணை, தணிக்கையெல்லாம் தேவைப்படவில்லை. கணக்கு நோட்டுக்குள் வைத்துப் படித்தால் வாத்தியார் பிடுங்கிக் கிழிப்பார், அவ்வளவுதான்.

காமிக்ஸ் என்றால் சின்னப் பிள்ளைகளுக்கு என்கிற எண்ணம் தமிழில் ஊறிப்போனதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. 1972-ல் முத்து காமிக்ஸ் முதல் இதழாகக் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவி, பிரிட்டனில் பையன்களுக்கான வார இதழில் வந்தவர். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறையும், கை மட்டும் தெரியும். பத்து வயதில் அதைப் பார்த்து வாய் பிளக்காதவன் யார்? 1984-ல் ராணி காமிக்ஸும் லயனும் வந்தன. பள்ளிக்கூடப் பையன்கள் காசு சேர்த்து வாங்கினார்கள். நம் ஊர் மனசில் காமிக்ஸ் என்றால் அதோடு நின்றுவிட்டது. வெளியே அது எங்கேயோ போய்விட்டது. யூதப் படுகொலையை எலியும் பூனையுமாக வரைந்து சொன்ன 'மாஸ்' (Maus) என்ற காமிக்ஸ் 1992-ல் புலிட்சர் சிறப்பு விருது வாங்கியது. தமிழிலும் 2012-க்கு அப்புறம் பெரிய அளவில், கலரில், ஐரோப்பாவில் பெரியவர்கள் படிக்கிற கதைகளே வருகின்றன.

வருகின்றன, சரி. வாங்குகிறோமா?

இங்கேதான் நம் ஆட்களோடு எனக்குச் சண்டை. போர், அகதி வாழ்க்கை, ஒரு குடும்பம் சிதறுவது என்று கொஞ்சம் கனமான கதை வந்தால் 'அழுகாச்சி' என்று முத்திரை குத்தி ஓரம்கட்டுவது வெளியாள் இல்லை, நாம்தான். மாயாவியை மறுபதிப்பு போடு, அதே காலத்து இன்னொரு பிரிட்டிஷ் ஹீரோவான ஸ்பைடரை மறுபதிப்பு போடு என்று கேட்டுக்கொண்டே இருந்தால், 'ஒரு காலத்துல படிச்சேன்' என்கிறவருக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? அவர் பழசை நினைத்துக்கொள்கிறார், நாம் அதையே திரும்பத் திரும்பக் காசு கொடுத்து வாங்குகிறோம். பழைய இதழைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுப் பிரிக்காமலே வைத்து, ஆயிரக்கணக்கில் விலை சொல்கிற கூட்டம் ஒன்று இருக்கிறது. அவர்களை வாசகர் கணக்கில் நான் சேர்ப்பதே இல்லை.

இதில் இன்னொரு கூத்து. கோயம்புத்தூர் காலேஜ் பிள்ளைகள் 'மாங்கா' என்கிற ஜப்பான் காமிக்ஸை வலமிருந்து இடமாகப் புரட்டி மாய்ந்து மாய்ந்து படிக்கிறார்கள். கதையை ஆழமாக, மணிக்கணக்கில் பேசவும் செய்கிறார்கள். அவர்களிடம் போய், "அதென்ன, கண்ண மட்டும் கோலிக்குண்டாட்டம் வரைஞ்சு வெச்சிருக்காங்க, எங்க காலத்து காமிக்ஸ் தெரியுமா?" என்று ஆரம்பிப்பது யார்? வாத்தியாரிடம் அடி வாங்கின அதே ஆட்கள். அந்தப் பிள்ளைகள் தமிழ் காமிக்ஸ் ஸ்டாலுக்கு ஏன் வருவதில்லை என்று அப்புறம் நாமே வருத்தப்படுவோம்.

இந்த ஆகஸ்டில் நான் மறுபதிப்பு எதுவும் வாங்கப் போவதில்லை. இதுவரை தமிழில் வராத கதைகள் மட்டும்தான். உடன் வருகிறவர்கள் சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம். அப்புறம், தயவுசெய்து கமெண்டில் வந்து "எங்கிட்ட பழைய மாயாவி இருக்குதுங்க, என்ன விலைக்குப் போகும்?" என்று மட்டும் கேட்காதீர்கள்.