நான்காம் அத்தியாயத்தில் 3.7

மன்னார்குடியில் ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து கொடுப்பது என் பிழைப்பு. இந்த வாரம் வந்தது டெல்டா பாசனம். மூன்றாம் அத்தியாயம் குறுவை, நான்காவது சம்பா. சம்பாவின் முதல் உட்தலைப்பில் 4.1 வர வேண்டும், 3.7 வந்து நிற்கிறது! கிளறிப் பார்த்தால், அந்த மாணவர் ‘4. சம்பா’ என்று கையால் அடித்து, எழுத்தைத் தடிமனாக்கி வைத்திருக்கிறார். ‘இது அத்தியாயத் தலைப்பு’ என்று மென்பொருளுக்குக் காட்டும் தலைப்புப் பாணியே (heading style) கொடுக்காமல் அத்தியாயம் மாறியது அதற்கு எப்படித் தெரியும்? மேட்டூரைத் திறக்காமல் கடைமடையில் தண்ணீர் தேடுகிற கதை.

அதைச் சரிசெய்து, பாணியில் எழுத்தளவை 16 ஆக்கினேன். எண் மட்டும் பெருத்தது; தமிழ் அப்படியே சுருண்டு கிடக்கிறது. தமிழுக்கு எழுத்துருவையும் அளவையும் தனியாகக் கொடுக்க வேண்டுமாம்! இத்தனைக்கும், இந்தப் பாணிகளெல்லாம் அடங்கிய வார்ப்புருவை (template) முன்பே அமைத்துக் கொடுத்திருந்தேன். அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. நாளைக் காலை பைண்டிங். பொருளடக்கம் இன்னும் பாக்கி.