திருவிழா வசூல் நோட்டும் வெள்ளமும்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துச் செகாமட் வட்டாரத் தோட்டத்து மக்களுக்கு வெள்ளம் புதிதல்ல. 2006 டிசம்பர், 2011 ஜனவரி, 2023 மார்ச் என்று வந்துகொண்டேதான் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் கோயில்கள் அடுப்பு மூட்டிச் சோறு போடுகின்றன. அந்த மனசைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் தண்ணீர் ஏறுவதற்கு முந்தின நாள் வேலையை நம் ஆலயச் செயலவைகள் கையில் எடுப்பதே இல்லை என்பது என் வருத்தம்.

திருவிழா வசூல் நோட்டைப் பிரித்துப் பாருங்கள். எந்த லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) யார், எந்தத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) எந்த வீடு, எல்லாம் அதில் இருக்கும். மைகாட் அடையாள அட்டையில் பழைய தோட்டத்து முகவரி, ஆள் குடியிருப்பதோ மகள் வீட்டில். வசூலுக்குப் போகிறவருக்குத்தான் அது தெரியும். அதே நோட்டில், வீட்டார் சம்மதத்தோடு, நான்கு விஷயம் சேருங்கள்: படுத்த படுக்கையாக இருப்பவர், டயாலிசிஸ் போகிறவர், இன்சுலின் போடுகிறவர், தனியாக வாழும் முதியவர். நோய் விவரம் இரண்டு பேர் கையில் மட்டும் இருக்கட்டும், வாட்ஸாப் குழுவில் போடாதீர்கள்.

டயாலிசிஸ் பெரும்பாலும் வாரத்துக்கு மூன்று முறை. சாலை மூடினால் அடுத்த முறை தவறும், உயிருக்கே ஆபத்து. இவர்களை முந்தின நாளே டவுனில் உள்ள சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். இன்சுலின் குளிர்பெட்டி இல்லாமல் ஓரிரு நாள் இருந்தால் கெடாது. வெயிலில் வைப்பதும் ஐஸ்கட்டியோடு ஒட்டி வைப்பதும்தான் கெடுக்கும்.

எப்போது நகர்த்துவது? வடிகால், நீர்ப்பாசனத் துறையின் இன்ஃபோ பஞ்சிர் இணையப் பக்கத்தில் ஆற்று மட்டம் வஸ்பாடா (விழிப்பு), அமாரான் (எச்சரிக்கை), பஹாயா (ஆபத்து) என்று படிப்படியாக ஏறும். நடக்க முடியாதவர்கள் வஸ்பாடாவிலேயே கிளம்பிவிட வேண்டும். இங்கே மழை விட்டுவிட்டது என்று நிம்மதியாகப் படுக்காதீர்கள். மேலே பெய்த மழை பல மணி நேரம் கழித்துத்தான் நம் ஆற்றுக்கு இறங்கும்.

சமையலுக்கு வருகிறேன். நூறு பேருக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 12 கிலோ அரிசி. குடிக்க ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் என்றால் மூன்று நாளைக்கு 900 லிட்டர். அரிசியை நினைக்கிறோம், தண்ணீரை மறந்துவிடுகிறோம். இன்னொரு தவறு, நான்கைந்து அமைப்புகள் ஒரே மதியத்தில் பொட்டலம் கொண்டுவந்து இறக்குவது. சூடாக மூடிய சாம்பார் சாதம் நான்கு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. வெள்ள நிவாரண மையமே வயிற்றுப்போக்கில் படுத்தால் யார் கழுவுவது? காலை சுராவ் (முஸ்லிம்களின் சிறு தொழுகையிடம்), மதியம் கோயில், இரவு தேவாலயம் என்று முன்கூட்டியே முறை வைத்துக்கொள்ளலாம். 2021 டிசம்பர் வெள்ளத்தில் பெட்டாலிங் ஜெயா சீக்கியர் குருத்துவாரா சமையற்கூடத்தில் பல இனத்தவரும் சேர்ந்து நின்றார்களே, நம் ஊரிலும் அது முடியும்.

மண்டபத்தைத் திறந்துவிடும் முன் ஒன்று யோசியுங்கள். நம் தோட்டக் கோயில்கள் பல ஆற்றோரம். முன்பு தண்ணீர் ஏறிய இடமென்றால் அங்கே ஆளைத் தங்கவைக்கக் கூடாது. மேடான இடமென்றால் இப்போதே மாவட்ட அலுவலகத்தில் பதிந்துகொள்ளுங்கள். பதிவில்லாத இடத்துக்கு நலத்துறையின் பாயும் போர்வையும் வந்துசேரத் தாமதமாகும். கேஸ் தோம்பை, அதாவது சிலிண்டரை, தூணோடு சங்கிலியால் கட்டுங்கள், தண்ணீரில் மிதந்து போகும். ஜெனரேட்டரைச் சன்னல், கதவிலிருந்து 20 அடி தள்ளி வெளியே வையுங்கள். அதன் புகைக்கு வாசனையில்லாத நச்சு உண்டு, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்குகிறது. தீபாவளிக்கு முந்தின செயலவைக் கூட்டத்துக்கு அந்த வசூல் நோட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.