ரேஷனில் பயறும் வேண்டும்

"ஓசி அரிசியைத் தின்றுதான் ஊர் முழுக்க சுகர், முதலில் அதை நிறுத்துங்கள்" என்று குமரி மாவட்டத்தில் எங்கள் மார்த்தாண்டம் பக்கத்து வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். விரத நாளைத் தவிர வேறு பசி தெரியாத ஆள் போல.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் பர்மாவைப் பிடித்து அங்கிருந்து வந்த அரிசி நின்றபோது, அன்று குமரியும் சேர்ந்திருந்த திருவிதாங்கூரில் மரச்சீனியை (மரவள்ளிக் கிழங்கை) தின்றே உயிர் பிழைத்தவர்கள் நிறைய. நாஞ்சில்நாட்டு வயலை வைத்துக்கொண்டிருந்த நமக்கும் அதே கதிதான். அதனால் 2011 முதல் கிடைக்கும் விலையில்லா அரிசியில் கை வைக்கும் பேச்சே வேண்டாம்.

சுகர் இருப்பது உண்மை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, 2023இல் இந்தியா முழுக்கச் சொன்ன கணக்கு 10.1 கோடிப் பேர். அதற்கு மாத்திரையை 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், நல்ல காரியம். ஆனால் அரிசிக்கும் மாத்திரைக்கும் நடுவில் தட்டில் என்ன விழுகிறது என்று யார் பார்க்கிறார்கள்?

நம் பக்கத்துச் சாப்பாடு மோசமானது இல்லை. கஞ்சி என்றால் கூடவே சிறுபயறும் தேங்காய்த் துவையலும். மரச்சீனி அவித்தால் சாளை மீன் குழம்பு. மாவுச்சத்தோடு பயறோ மீனோ சேரும்போது புரதமும் கிடைக்கிறது, ரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகமும் குறைகிறது. இன்றைக்கு அந்தத் தொடுகறிதான் சுருங்கிவிட்டது. ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலத்தில் மீன் விலையைக் கேட்டாலே போதும். கறிக்கு வழியில்லாத வீட்டில் ஊறுகாயை வைத்துக்கொண்டு சோற்றை அள்ளிப் போட்டுத்தான் வயிற்றை நிரப்ப வேண்டும். சோறு ஓசி என்பதால் யாரும் அதிகம் தின்பதில்லை, மற்றதெல்லாம் விலை என்பதால் தின்கிறார்கள்.

ரேஷன் கணக்கையும் பாருங்கள். வீட்டில் ஆள் கூடினால் அரிசி கூடுகிறது. துவரம்பருப்பு மட்டும் இரண்டு பேர் இருந்தாலும் ஆறு பேர் இருந்தாலும் அட்டைக்கு ஒரு கிலோதான், 30 ரூபாய்க்கு. பாமாயிலும் அப்படியே. (தென்னை மாவட்டத்தில் பாமாயில் கொடுப்பது தனி வயிற்றெரிச்சல். தேங்காயெண்ணெயை மருந்து என்று சொல்ல மாட்டேன், அதிலும் கொழுப்பு உண்டு. ஆனாலும் காசு நம் தோப்புக்காரருக்கல்லவா போகும்.)

2023 சிறுதானிய ஆண்டு என்று பெரிதாகக் கொண்டாடினார்கள். சரி, கம்பும் சோளமும் எங்கள் விளவங்கோடு தாலுகா அடுப்படியில் என்றைக்கு இருந்தது? அதே ஆண்டு தர்மபுரியிலும் நீலகிரியிலும் ரேஷன் அரிசியில் 2 கிலோவைக் குறைத்து, பதிலுக்குக் கேழ்வரகு கொடுத்தார்கள். அது புத்திசாலித்தனம், அந்த ஊர்க்காரர்கள் சாப்பிடத் தெரிந்த தானியம். குமரிக்கு அந்த இடத்தில் சிறுபயறு வரட்டும். கட்டாயம் வேண்டாம், விரும்புகிறவர் மாற்றி வாங்கட்டும். பருப்பையும் ஆள் கணக்கில் கொடுக்கட்டும்.

செலவு அதிகம் என்பார்கள், அதிகம்தான். ஆனால் களியக்காவிளை வழியாகக் கேரளாவுக்குக் கடத்தும்போது பிடிபடும் ரேஷன் அரிசி மூட்டைகளைப் பற்றி அடிக்கடி செய்தி வருகிறதே, அதில் ஒரு பங்கு வேண்டாமென்று வீடுகளிலிருந்து சில்லறைக் காசுக்குப் போனதுதான். அந்த அரிசியைக் கடையிலேயே விட்டுவிட்டுப் பயறு வாங்கிப் போகலாம் என்றால், எங்கள் தெருவிலேயே பாதிப் பேர் கை தூக்குவார்கள்.